வேலியும் புலம்பலும்: நெய்தல் இலக்கியத்தின் இரு போக்குகள்

தமிழ் இலக்கிய வகுப்புகளில் நெய்தல் திணை பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே அறிமுகமாகின்றது. தெய்வம் வருணன், மக்கள் பரதவர், நுளையர், மரம் புன்னை, ஞாழல், கண்டல், பூ நெய்தல், தாழை, தொழில் மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும், உரிப்பொருள் இரங்கல். மாணவர் இதனை மனப்பாடம் செய்வர்; தேர்வில் எழுதுவர்; பின்னர் மறந்துவிடுவர். இந்த அட்டவணை ஒரு காலத்தில் மக்கள் வாழ்ந்த கடற்கரையின் உயிர்ப்படம் என்பதும், அக்கரையைக் காத்து நின்றவை எவை என்பதை அது சொல்லாமற் சொல்கின்றது என்பதும் வகுப்பறையில் அரிதாகவே பேசப்படுகின்றன.

இன்று அதனைப் பேச வேண்டிய தேவை மிகுந்துள்ளது. காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐக்கிய நாடுகளின் அறிவியற்குழு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 2006க்கும் 2018க்கும் இடையில் அவ்வுயர்வு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டராக விரைவுபெற்றது. தாழ்ந்த தீவாகிய சிங்கப்பூரைக் கடலிலிருந்து காப்பதற்கு நூறாண்டுக் காலத்தில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ செலவாகக்கூடும் என்று அந்நாட்டின் பிரதமராக இருந்த லீ சியன் லூங் 2019ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் கூறினார். செல்வமுள்ள நாடு சுவரெழுப்பும். குடிசையும் வலையும் அன்றி வேறு உடைமை இல்லாத கரையோர மக்கள் எதனை எழுப்புவர்? கடலைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடிவரும் ஓர் இலக்கியம் இக்கேள்விக்கு முன்னால் எவ்வாறு நிற்கின்றது என்று ஆராய்வது திறனாய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.

தமிழில் கடலைப் பற்றிய எழுத்து இரு போக்குகளாக ஓடி வந்துள்ளது. ஒன்று கடல்கோட் போக்கு; அழிவு நேர்ந்தபின் எழும் புலம்பல் அது. மற்றது கானற் போக்கு. அழிவுக்கு முன்னரே கரையை நாள்தோறும் கண்டு பழகியவரின் அறிவு அது. மேடைகளிலும் பாடநூல்களிலும் முதற்போக்கே ஓங்கி நிற்கின்றது. கரையோர மக்களுக்குத் துணை நிற்கக்கூடியதோ இரண்டாவது போக்கு.

கடல்கோளும் பழிகூறலும்

கடல்கோள் பற்றிய செய்திகள் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தவை. முதல் இரு சங்கங்களும் இருந்த ஊர்களைக் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை கூறுகின்றது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. தன் நிலத்தைக் கடலிடம் இழந்த பாண்டியன் சோர்வின்றிப் பகைவர் நாட்டை வென்று அவ்விழப்பை ஈடுசெய்தான் என்று கலித்தொகையின் முல்லைக்கலி பாராட்டுகின்றது. இச்செய்திகளின் வரலாற்று உண்மை பற்றிய வாதம் வேறு. இவை கடலழிவை எவ்வாறு கூறுகின்றன என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. நிலமிழந்த அரசனின் வீரம் பாடப்படுகின்றது. அந்நிலத்தில் வலை உலர்த்தியவரும் உப்பு விளைத்தவரும் எங்குச் சென்றனர் என்பது பாடப்படவில்லை. அரசனுக்கு வேறு நாடு கிடைத்தது. அவர்களுக்கு என்ன கிடைத்தது?

புகார் நகரத்தின் அழிவைக் கூறும் மணிமேகலையில் இப்போக்கு முழு வடிவம் பெறுகின்றது. சோழ மன்னன் நாகநாட்டுப் பீலிவளையிடம் பெற்ற மகன், கம்பளச் செட்டியின் மரக்கலம் கவிழ்ந்தமையால் காணாமற்போகிறான். மகனைத் தேடும் துயரில் மன்னன் இந்திரவிழாவை மறக்கிறான். அதன் பயனாகக் கடல் பொங்கி நகரைக் கொள்கின்றது. தந்தையின் துயரமும் நகரத்தின் அழிவும் ஒரே இழையில் கோக்கப்பட்டிருக்கும் அழகை மறுப்பதற்கில்லை. நிலையாமையை உணர்த்த வந்த பௌத்தக் காப்பியத்தில் இத்தகைய முடிவு பொருந்துவதே. எனினும், ஒருவர் மறந்த ஒரு விழாவுக்காக ஊர் முழுதும் தண்டிக்கப்பட்டது என்னும் விளக்கம் அழிவின் காரணத்தைக் கரையிலிருந்து அகற்றித் தெய்வத்தின் சினத்தில் வைத்துவிடுகின்றது. அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் நகரை நீங்கிச் சென்ற வழியைக் காப்பியம் தொடர்கின்றது. சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்து மக்களை வரிசைப்படுத்தும்போது மீன் விற்கும் பரதவரையும் மறவாமல் எண்ணியது. அப்பரதவர் இழந்தவற்றை எண்ணுவதற்கு மணிமேகலையில் இடமில்லாமற் போயிற்று.

கடலழிவுக்கு ஒழுக்கக் காரணம் தேடும் இப்பழக்கம் பழங்காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவலான ‘செம்மீன்’ 1956இல் வெளிவந்து, சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழ் வாசகருக்கும் நெருக்கமாயிற்று. கடலில் இருக்கும் கணவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் தங்கியுள்ளது என்னும் நம்பிக்கை அந்நாவலின் அச்சாணி. கலைப்படைப்பு என்ற வகையில் அதன் ஆற்றல் பெரிது. ஆயினும் அதன் கடலும் தவறு செய்தவரைத் தேடிவந்து தண்டிக்கும் கடலே. மணிமேகலையில் மன்னன் சுமந்த பழியை ஈண்டு ஒரு மீனவப் பெண் சுமக்கின்றாள் என்பதே வேறுபாடு.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. அவற்றுள் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மலேசியாவிலும் பினாங்கு, கெடா கரைகளில் உயிர்கள் பலியாயின. அதனையடுத்துத் தமிழில் எழுந்த இரங்கற் கவிதைகள் எண்ணற்றவை. தாயாக இருந்த கடல் கொலைகாரியாகிவிட்டாள் என்னும் ஒரே கருத்தை அவற்றுள் பல வெவ்வேறு சொற்களால் கூறின. துயரத்தில் எழுந்த குரலைக் குறை கூறுவது முறையன்று. ஆனால் அழுகை அடங்கிய பின்னரும் அந்த ஒரு கருத்தைத் தாண்டி இலக்கியம் நகராவிடில், அடுத்த அலை வரும்போதும் அதே கவிதையே மீண்டும் எழுதப்படும்.

கானல் காட்டும் அறிவு

இனி, மற்றைப் போக்கினைக் காண்போம். குறுந்தொகையின் 243ஆம் பாடலில் அடும்பங்கொடி வருகின்றது. அதன் பிளவுபட்ட இலை மானின் அடியை ஒத்தது என்றும், அதன் பூ குதிரையின் கழுத்து மாலையில் கோத்த மணியை ஒத்தது என்றும் புலவர் கூறுகிறார். இக்கொடிக்குத் தாவரவியலார் சூட்டிய இலத்தீன் பெயரின் பொருள் ‘ஆட்டின் அடி’ என்பதாகும். மலாய் மக்கள் இதனைத் ‘தாபாக் குடா’ என்பர். குதிரைக் குளம்பின் தடம் என்பது அதன் பொருள். மூன்று மொழியினர் ஒரே இலையில் மூன்று விலங்குகளின் அடியைக் கண்டனர். அக்கொடியோ மணலின் மேல் நெடுந்தூரம் படர்ந்து, கணுதோறும் வேரூன்றி, காற்று அள்ளிச் செல்லவிருக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றது. அலையும் காற்றும் குவித்த மணல்மேட்டைச் சங்கப் புலவர் ‘எக்கர்’ என்றனர். எக்கர் நிலைத்து நிற்பதற்கு அடும்பு வேண்டும். எக்கருக்குப் பின்னால் சிறுகுடி நிலைப்பதற்கு எக்கர் வேண்டும்.

நற்றிணையின் 19ஆம் பாடல் தாழையைக் காட்டுகின்றது. அதன் சருச்சரை மிக்க அடிமரம் இறாலின் முதுகு போன்றது. முள் நிறைந்த இலை சுறாவின் கொம்பு போன்றது. நிலத்தில் நிற்கும் மரத்துக்கு நீரில் வாழும் உயிர்களை உவமையாக்கும் இந்நோக்கு, இறாலையும் சுறாவையும் கையால் தொட்டவரின் நோக்காகும்.

குறுந்தொகை 117ஆம் பாடலில் கொக்கின் பார்வைக்கு அஞ்சிய நண்டு ஒன்று கண்டல் வேர்களுக்கிடையே உள்ள வளையை நோக்கி ஓடுகின்றது. கயிற்றை அறுத்துக்கொண்டு பாயும் எருது போல ஓடுகின்றது. மலேசியத் தமிழர் ‘பாக்காவ்’ மரம் என்று அறிந்திருக்கும் கண்டலின் வேர்கள் சேற்றுக்கு மேல் வளைந்து எழுந்து பின்னிக் கிடப்பவை. நண்டுக்கும் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் அவ்வேர்க்கூட்டமே புகலிடம். அவ்வேர்க்கூட்டமே பொங்கி வரும் நீரின் விரைவைத் தணித்து, அது சுமந்துவரும் வண்டலைத் தங்கவைத்து, கரையை வளர்க்கவும் செய்கின்றது. நற்றிணைப் பாடல்கள் சில நெய்தற் சிற்றூரைக் கண்டலை வேலியாக உடைய ஊர் என்று குறிக்கின்றன. உரையாசிரியர் அதனை வருணனையாகக் கொண்டு கடந்து செல்வர். மாணவரும் அவ்வாறே கடந்து செல்வர். ‘வேலி’ என்ற சொல்லில் நின்று பார்த்தால், அவ்வூரார் கண்டலை எதுவாக எண்ணினர் என்பது விளங்கும்.

புன்னையைப் பற்றிய நற்றிணை 172ஆம் பாடல் இவ்வறிவின் உச்சம் எனலாம். தோழியர் விளையாட்டாக வெண்மணலில் புதைத்து மறந்த விதையொன்று முளைக்கின்றது. பாலும் நெய்யும் ஊட்டி அதனை வளர்க்கின்றனர். அம்மரம் மகளிர்க்கு உடன்பிறந்தாள் என்றே அன்னை சொல்லிவைக்கிறாள். அதனால் அதன் நிழலில் தலைவனோடு நகையாட நாணுவதாகத் தோழி கூறுகிறாள். காதற்பாடலின் நயம் அந்நாணத்தில் உள்ளது. அந்நாணம் பிறந்ததோ கரையில் ஒரு மரத்தை நட்டுக் காத்து உறவாக்கிக்கொண்ட வாழ்க்கையிலிருந்து. உப்பையும் கடற்காற்றையும் தாங்கி வளரும் இம்மரத்தைக் கரைதோறும் நட்டு வளர்க்க வேண்டும் என்று இன்று அறிவுரை கூறுவோர் அதனை உடன்பிறந்தாளாக அறிமுகப்படுத்தும் ஒரு பாடலைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

ஈண்டு ஒரு மறுப்பு எழக்கூடும். அகப்பாடல்கள் தலைவன் தலைவியின் உணர்வைக் கூற எழுந்தவை. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரிப்பொருளே தலையாயது என்பது தொல்காப்பியக் கொள்கை. அங்ஙனமிருக்க, கருப்பொருளில் கரைக்காப்பைத் தேடுவது இன்றைய அறிவியலைப் பழம்பாடலின் மேல் ஏற்றுவதாகாதா? இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. சங்கப் புலவர் கடல்மட்டம் உயரும் என்று கண்டுரைத்தனர் எனக் கூறுவது வெறும் பெருமை பேசுதலாகும்; அத்தகைய பேச்சு தமிழுக்கு நன்மை செய்ததில்லை. கூறத்தக்கது வேறு. உரிப்பொருள் சிறக்க வேண்டுமாயின் கருப்பொருள் உண்மையாக இருத்தல் வேண்டும். நண்டு எங்கு ஓடி ஒளியும் என்று அறியாத புலவர் அவ்வுவமையைச் செய்திருக்க இயலாது. பாடலின் நோக்கம் காதல். அதன் முதலீடு கரையறிவு. நோக்கத்தை மட்டும் கற்பித்து முதலீட்டை விட்டுவிட்ட பழக்கமே மாற வேண்டும்.

வேலி அழிந்ததும் எழுந்ததும்

கானல் அறிவு இழக்கப்பட்டால் விளைவது யாது என்பதற்குச் சோழமண்டலக் கரையே சான்று. சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரத்தில் கண்டற்காடு பகுதி பகுதியாக முற்றும் வெட்டப்பட்டு வந்தது. மரம் இழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது; தாழ்ந்த இடத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது; தேங்கிய நீர் ஆவியாகி உப்பு மிகுந்தது; உப்பு மிகுந்த மண்ணில் கண்டலும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழக வனத்துறையினரோடும் ஊர்மக்களோடும் இணைந்து அங்குக் கால்வாய்கள் வெட்டினர். நடுவில் ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு கால்வாய்கள் என மீன்முள்ளின் வடிவில் அவை அமைந்தன. ஓதநீர் ஏறி இறங்க வழி பிறந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. ஓதம் வந்து செல்லும் வழியே கண்டலின் உயிர்நாடி என்பதை உணர்ந்தபின்னரே நடவு பயன் தந்தது. கழியையும் கண்டலையும் சங்கப் பாடல்கள் ஒருசேர வைத்துப் பாடியதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

2004ஆம் ஆண்டுப் பேரலை நிலநடுக்கத்தால் எழுந்தது. காலநிலை மாற்றத்தால் அன்று. எனினும் கரைக்காப்பைப் பற்றிய பாடத்தை அது வன்மையாகப் புகட்டியது. கடலூர் மாவட்டத்தில் மரச்செறிவுக்குப் பின்னால் அமைந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. நிலத்தின் உயரமும் கரையிலிருந்துள்ள தொலைவுமே முதன்மைக் காரணங்கள் என்று வேறு ஆய்வாளர் மறுத்துரைத்தனர். இவ்வாதத்திலிருந்து திறனாய்வாளர் கற்கத்தக்கதும் உண்டு. மரம் எவ்வலையையும் தடுக்கும் மந்திரம் அன்று. அது வேலி மட்டுமே. வேலிக்குப் பின்னால் வீடு எங்கே அமையவேண்டும் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

கல்லும் காங்கிரீட்டும் தாமே போதும் என்ற எண்ணத்துக்குப் புதுச்சேரி விடை கூறுகின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கின்றது. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலைத் தெற்கிலேயே தேக்கின. வடக்கே நகரத்துக் கடற்கரை மணலை இழந்து, கற்குவியலே கரையாயிற்று. அடுத்தடுத்த மீனவக் குப்பங்களுக்கும் அரிப்பு பரவியது. ஓரிடத்துக் காப்பு மற்றோரிடத்து அழிவாவதைக் கரையோர மக்கள் இவ்வாறு கண்ணெதிரே கண்டனர். மணல் நடக்கும் என்பதை அறியாதவர் கட்டிய சுவர் அது.

மலேசியாவில் பேராக் மாநிலத்து மாத்தாங் கண்டற்காடு ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புடையது. கரிக்கும் கழிக்கும் மரம் வெட்டப்பட்டும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டுத் திட்டமிட்டு மறுநடவு செய்யப்பட்டும் அது நின்று நிலவுகின்றது. வெட்டாமல் வைத்திருப்பது மட்டுமே காப்பு என்பதில்லை. அறிந்து வெட்டி மீண்டும் நடுவதும் காப்பாகும் என்பதற்கு அது சான்று.

புதினங்களில் கரை

இக்கால நாவலாசிரியருள் சிலர் கானற் போக்கைத் தொடர்ந்துள்ளனர். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வெளிவந்தது. வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் இடையே எழும் பூசல் அந்நாவலின் பின்புலம். வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிடுமாறு மகன் வற்புறுத்த, தந்தை மனம் ஒப்பாமல் தவிக்கிறார். அத்தவிப்பைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிய வாசகரும் இருக்கலாம். பேரலைக்குப் பின் மீனவரைக் கரையிலிருந்து விலக்கிக் குடியேற்றும் திட்டங்கள் வந்தபோது, எத்தனையோ கிழவர்கள் அதே தவிப்பை அடைந்தனர். கரையில் நின்று கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பாராமல் தொழில் செய்ய இயலாதவருக்கு, வீடு என்பது உறங்கும் இடம் மட்டும் அன்று, அது தொழிற்கருவி. அக்கருத்தை எந்த அரசாணையையும் விட அந்நாவல் தெளிவாகக் கூறியிருக்கின்றது. ராஜம் கிருஷ்ணன் கரையோர மக்களிடையே சென்று பழகி எழுதிய ‘அலைவாய்க்கரையில்’ நாவலும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ பேரலை எழுந்த அதே 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. கட்டுமரக் காலத்துப் பரதவர் வாழ்வை மூன்று தலைமுறைகளுக்கு விரித்துரைக்கும் அந்நாவலில், கடலில் சிக்கித் தத்தளிக்கும் மனிதர்களின் போராட்டம் கதை நெடுகிலும் இழையோடுகின்றது. அதன் வட்டார மொழி கடினமானது என்பது வாசகர் பலரின் குறை. அக்கடினம் பயனற்றதன்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்திருப்பவரின் மொழியை, ‘காற்று’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டவர் எளிதில் படித்துவிட இயலாது. ஒரு சொல் மறையும்போது அச்சொல் சுட்டிய ஆபத்தை முன்னறியும் வழியும் மறைகின்றது. அந்நாவலில் கடல் தெய்வமாகவும் உள்ளது, கொலையும் செய்கின்றது. ஆனால் அது ஒருவரின் ஒழுக்கக்கேட்டுக்குத் தண்டனையாக மட்டும் பொங்குவதில்லை. அதனோடு வாழத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாட்டையே ஆசிரியர் காட்டுகின்றார். இதுவே கடல்கோட் போக்கிலிருந்து இந்நாவல் பிரியும் இடம்.

குறை ஒன்றும் உண்டு. கரையின் மனிதரை விரிவாகக் காட்டிய தமிழ் நாவல், கரையின் மரத்தையும் மணலையும் சங்கப் புலவர் கண்ட நுணுக்கத்தோடு இன்னும் காட்டவில்லை. கண்டல் வெட்டப்பட்ட கதையும், எக்கர் கரைந்த கதையும், ஓரூர் தன் வேலியைத் தானே மீண்டும் நட்ட கதையும் எழுதப்படவேண்டியவை. மலேசியாவும் சிங்கப்பூரும் கடல் சூழ்ந்த நாடுகளாயிருந்தும், இங்குள்ள தமிழ்ப் புனைவு தோட்டத்தையும் நகரத்தையும் கண்ட அளவுக்குக் கரையைக் காணவில்லை. பால்மரம் பற்றி எழுதத் தெரிந்த கைக்கு பாக்காவ் மரம் பற்றி எழுதத் தெரியாமற் போகாது.

ஆசிரியர் செய்யத்தக்கது

வகுப்பறையில் தொடங்கக்கூடிய மாற்றம் எளியது. நெய்தற் கருப்பொருளை ஒப்பிக்கச் சொல்வதற்கு மாறாக, ‘இவற்றுள் கரையைப் பிடித்து வைத்திருப்பவை எவை? அவை ஒவ்வொன்றும் அலைக்கும் காற்றுக்கும் உப்புக்கும் எவ்வாறு ஈடுகொடுக்கின்றன?’ என்று வினவலாம். அடும்பும் புன்னையும் தாழையும் கண்டலும் மலேசிய, சிங்கப்பூர்க் கரைகளிலும் வளர்பவை. அகராதியில் பொருள் தேடிய மாணவர் அவற்றை நேரில் காணலாம். தம் பள்ளித்தோழராகிய மலாய் மாணவரிடம் அவற்றின் மலாய்ப் பெயரைக் கேட்டறியலாம். கண்ட மாணவருக்குக் குறுந்தொகை நண்டு மனப்பாடப் பொருளாக இராது. மணிமேகலையின் கடல்கோட் பகுதியைக் கற்பிக்கும்போது, புகாரின் பரதவர் என்னவாயினர் என்ற வினாவையும் உடன் வைக்கலாம். காப்பியம் விடை கூறாத அவ்வினாவுக்கு மாணவர் எழுதும் விடையே நல்லதொரு கட்டுரைப் பயிற்சியாகும்.

இரங்கல் நெய்தலின் உரிப்பொருளாக என்றும் இருக்கும். கடல் உள்ளவரை அதன் கரையில் அழுகையும் இருக்கும். ஆனால் அகப்பாடலில் இரங்கிய தலைவி அழிந்த கரையில் நின்று இரங்கவில்லை. புன்னை நிழல் தந்த, தாழை மணந்த, கண்டல் வேலியிட்ட கரையில் நின்று, திரும்பி வரக்கூடிய ஒருவனுக்காக அவள் இரங்கினாள். அக்கரை நின்றிருந்தமையால்தான் அவன் திரும்பிவர ஓர் ஊர் இருந்தது. இவ்வுண்மையை மாணவர்க்கு உணர்த்துவதும், கரையை அறிந்து எழுதும் புதிய படைப்புகளை இனங்கண்டு பாராட்டுவதும் தமிழாசிரியரும் திறனாய்வாளரும் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளவேண்டிய பணிகளாகும்.